போறதுக்கு மட்டும் ஒரு டிக்கட்

பத்தொன்பது வருடம் ஒரு மனிதனுக்கு அரசாங்கம் சம்பளமும் சீருடையும் கொடுத்து, 'யாரையும் நம்பாதே' என்று சொன்னால் அவன் எப்படி ஆவான்? மாமாங்கம் மாதிரி ஆவான். மட்டக்களப்புக்கும் பொலன்னறுவைக்கும் இடையில் ஓடிய ரயில்களில் அவர் டிக்கட் பரிசோதகர். ஏறாவூரில் ஏறிய ஆள் புணானை வரைக்கும் கழிவறையை விட்டு வெளியே வரவில்லை என்றால், பாவம், வயிற்றுக் கோளாறு என்று நீங்களும் நானும் நினைப்போம். மாமாங்கம் கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு காத்து நிற்பார். நிறைமாதம் என்று சொல்லி இடம் வாங்கி உட்கார்ந்த ஒருத்தியின் வயிறு கொக்கரித்ததைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். சேலைக்குள் இரண்டு கோழி இருந்தது. கோழிக்கும் சேர்த்து டிக்கட் எழுதினார்.

அவரிடம் டிக்கட் குத்தும் குறடு ஒன்று இருந்தது. பரிசோதகர்களின் குறடுகள் வெவ்வேறு வடிவில் துளை போடும். இவருடையது பிறை. அதிலும் ஒரு பல் உடைந்து, பிறையின் ஒரு நுனி மொட்டையாக விழும். இப்படி ஒரு மொட்டைப் பிறை இலங்கை முழுவதும் தேடினாலும் கிடைக்காது என்பதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வம். தனக்கு வேலை இல்லாத நாட்களை வீட்டுக் கலண்டரில் அந்தக் குறட்டாலேயே குத்தி வைப்பார். மனைவி மனோரஞ்சிதம் துளையைப் பார்த்துத்தான் அன்றைக்கு நல்ல மீனாக வாங்குவாள்.

எண்பத்துநாலாம் ஆண்டு ஒருநாள், வெலிக்கந்தைக்கு அங்கால் ரயிலை மறித்து ஏறிய சிப்பாய்கள், அவரோடு வேலை செய்த ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இறக்கிக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். பெயரைக் கொடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து மாமாங்கத்தின் சந்தேகம் வேலையோடு நிற்கவில்லை. வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

நாட்டை விட்டு வெளிக்கிடுவதற்கு முதல்நாள் மனோரஞ்சிதத்தைக் கூப்பிட்டு இருத்திப் பாடம் நடத்தினார். "இஞ்ச பாரு புள்ள. யார் வந்து என்ர பேரைக் கேட்டாலும் அப்படி ஒரு ஆளைத் தெரியாது எண்டு சொல்லு. ஆமிக்காரன் கேட்டாலும் சரி, ஏஜண்டர் கேட்டாலும் சரி, வெள்ளைக்காரன் வந்து கேட்டாலும் சரி. நான் கடுதாசி போட்டா சரோஜினிதேவி எண்டு ஒரு பொம்பிளைப் பேரிலதான் போடுவன். என்ர சொந்தப் பேரில கடுதாசி வந்தா நம்பிராத. கழுத்தில கத்திய வச்சு எழுத வைப்பானுகள்."

"மறுகா எதைத்தான் நம்புறது?" என்று கேட்டாள் மனோரஞ்சிதம்.

மாமாங்கம் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினார். பன்னிரண்டு வயது மகள் தங்கராணி கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய குறட்டைத் தொலைந்துபோனதாக எழுதிக் கொடுத்துவிட்டு, காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஊரில் எல்லோரையும் கள்ளர் என்று பார்த்தவர் கடைசியில் ரயில்வேக்குக் கள்ளன் ஆனார் என்பதை நாம் சொல்லாமல் விடக்கூடாது. கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் பொலிஸ்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பல் பிடுங்குவதா?" என்று கேட்டார். மாமாங்கம் ஒரு காகிதத்தில் குத்திக் காட்டினார். பொலிஸ்காரர் சிரித்துவிட்டுக் கொடுத்தார். எதற்காகச் சிரித்தார் என்று மாமாங்கம் ஒரு கிழமை யோசித்தார்.

டென்மார்க்கில் அவரை முதலில் பயமுறுத்தியது குளிர் அல்ல. ரயில் நிலையங்களில் டிக்கட் பார்க்க வாசலில் ஆள் இல்லை. கிளிப்பகோர்ட் என்று ஓர் அட்டை. அதை மேடையில் நிற்கும் மஞ்சள் பெட்டிக்குள் நுழைத்தால் அது ஒரு துண்டைக் கடித்து, நேரத்தையும் அடித்துத் தள்ளும். பிறகு நீங்கள் பாட்டுக்கு ஏறிப் போகலாம். தன்னுடைய பத்தொன்பது வருட வேலையை ஒரு பெட்டி செய்கிறதே என்ற கோபம் ஒரு பக்கம். மனிதனை இவ்வளவு நம்புகிற நாட்டில் எங்கேயோ பெரிய பொறி இருக்க வேண்டும் என்ற பயம் மறுபக்கம்.

விடிய ஓர் ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிற வேலை. மத்தியானத்துக்குப் பிறகு டேனிஷ் வகுப்பு. அறையில் கூட இருந்தவர் யாழ்ப்பாணத்துச் சிறீஸ்கந்தராசா. வயதில் இளையவர், வாயில் மூத்தவர். ஊரில் நடக்காததையும் கேள்விப்பட்டு வந்து சொல்வார். "அண்ணை, உங்களுக்குத் தெரியுமே, எங்கட ஆக்களைக் கப்பல் துறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஜேர்மனிக்கு ஏத்தி விடுறாங்களாம். அங்கையிருந்து நேரை கொழும்புதானாம்." சொல்லிவிட்டு அவர் குறட்டை விடுவார். மாமாங்கம்தான் விடிய விடிய விழித்திருப்பார்.

வகுப்பு எடுத்தவள் கிர்ஸ்டன் என்ற பெண். நாற்பது வயதிருக்கும். ஆண்பிள்ளை போல் கட்டையாக வெட்டிய தலைமயிர், காலில் மரச் செருப்பு. குடும்பத்தைக் கூப்பிடுகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் அவள்தான். மாமாங்கத்தின் விண்ணப்பம் நாலு மாதமாக அவளுடைய மேசையிலேயே கிடந்தது. மனைவியின் பெயர் இருந்தது, மகளின் வயது இருந்தது, விலாசம் மட்டும் இல்லை. ஒவ்வொரு வெள்ளியும் அவள் கேட்பாள். "மறந்து போச்சு" என்பார் இவர். பத்தொன்பது வருட ரயில் நேரங்களை நிமிடம் பிசகாமல் சொல்கிற மனிதருக்குச் சொந்த வீட்டு விலாசம் மறந்து போச்சாம். அவருக்கு மனைவியும் மகளும் வேண்டும். நித்திரையிலும் அதுதான் நினைப்பு. ஆனால் இங்கே எழுதுகிற விலாசம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போய், கடைசியில் எந்தச் சிப்பாயின் கையில் நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

எண்பத்தைந்து மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கிர்ஸ்டன் அறிவித்தாள். நாளைக்கு எல்லோரும் ரயிலில் போகிறோம், ரோமர் காலத்துச் சின்னங்களைப் பார்க்க. ஆளடையாள அட்டை கொண்டு வாருங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள், கம்பளிச் சட்டையும் போட்டு வாருங்கள்.

மாமாங்கத்துக்குக் காது அடைத்துப்போயிற்று. மட்டக்களப்பு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் சரித்திரத்தில் முதல் ஆள். ரோமர் ஜேர்மனியில் ஓர் ஆற்றோடு நின்றுவிட்டவர்கள். டென்மார்க் மண்ணில் அவர்கள் வந்து குடியிருக்கவே இல்லை.

"வராத ரோமரைக் காட்டப் போறாளாம்," என்றார் அன்று இரவு. "அட்டை எதுக்கு? சாப்பாடு எதுக்கு? கம்பளி எதுக்கு? கப்பலில குளிரும் எண்டுதானே?"

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை," என்றார் கதையைத் தொடக்கி வைத்த சிறீஸ்கந்தராசா. "போய்ப் பாத்திட்டு வருவம்."

போகாமல் விட்டால் அதையும் குறித்து வைப்பார்கள் என்று பயந்து மாமாங்கம் போனார்.

மேடையில் கிர்ஸ்டன் அட்டையை எடுத்து மஞ்சள் பெட்டியில் குத்தினாள். மாமாங்கம் அவளுடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஏழு பேருக்கும் அவளுக்குமாக எட்டுத் தடவை. அவ்வளவுதான். அட்டையைக் கைப்பையில் வைத்துவிட்டாள். அவர் மனதுக்குள் எட்டுத் தடவையையும் மறுபடி எண்ணினார். ஒரு பிரயாணியிடம் திரும்பி வரும் டிக்கட் இல்லையென்றால் அதன் அர்த்தம் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது போறதுக்கு மட்டும்.

கோய (Køge) என்ற ஊர் வரைக்கும் நகர ரயில். அங்கே இறங்கி, இரண்டே பெட்டி கொண்ட ஒரு உள்ளூர் ரயிலில் ஏறினார்கள். வெளியே மஞ்சள் பூ வயல்கள். சூரியன் நின்ற பக்கத்தைப் பார்த்து மாமாங்கம் கணக்குப் போட்டார். ரயில் தெற்கே போகிறது. கப்பல் துறையும் தெற்கேதான். அந்த நேரம் பார்த்துச் சீருடை போட்ட ஒருவர் வந்து கிர்ஸ்டனின் அட்டையை வாங்கிப் பார்த்தார். இருவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். பேச்சின் நடுவே அந்த ஆள் இவர்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார்.

வெலிக்கந்தைக்கு அங்கால் ஏறிய சிப்பாய்களும், பெயரைக் கூப்பிட முன்னம் இப்படித்தான் எண்ணினார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் சுகமாக உட்கார்ந்து சொல்லலாம். அந்த நிமிடத்தில் மாமாங்கத்தின் முதுகில் வியர்வை ஓடியது உண்மை. "இறங்குவம்," என்று சிறீஸ்கந்தராசாவின் கையைப் பிடித்து இழுத்தார். அவர் கையை உதறினார். ரயில் ஒரு சின்ன நிலையத்தில் நின்றது. கதவு திறந்தது. மாமாங்கம் ஒருவராக இறங்கி, தண்டவாளத்தோரம் நின்ற பற்றைக்குப் பின்னால் போய்க் குந்தினார். டிக்கட் இல்லாதவர்கள் எப்படி ஒளிந்துகொள்வார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பாம்பின் கால் பாம்பறியும்.

ரயில் போய்விட்டது. ஆள் அரவம் இல்லை. ஒரு குருவி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் அவருக்கு இன்னொரு உண்மை உறைத்தது: தான் எங்கே இருக்கிறார் என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. மனோரஞ்சிதத்துக்குத் தெரியாது. தனக்கே தெரியாது. நாற்பத்தாறு வயது மனிதர், பற்றைக்குப் பின்னால் குந்தியிருந்து அழுதார்.

தூரத்தில் மரச் செருப்புச் சத்தம் கேட்டது. கிர்ஸ்டன் தார் வீதியால் தனியாக நடந்து வந்தாள், முகம் சிவந்து, மூச்சு வாங்க. அடுத்த நிலையத்தில் மற்றவர்களைச் சிறீஸ்கந்தராசாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறாள். பொலிஸ் இல்லை, வாகனம் இல்லை. மாமாங்கம் அவளுக்குப் பின்னாலும் பார்த்தார், இரு பக்கமும் பார்த்தார். பிறகுதான் எழுந்தார். தமிழும் டேனிஷும் உதவாத இடத்தில் அவருடைய ரயில்வே ஆங்கிலம் கை கொடுத்தது.

"திரும்பி வரும் டிக்கட் எங்கே?" என்று கேட்டார். முதல் கேள்வி அதுதான்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கைப்பையைத் திறந்து இரண்டு அட்டைகளை எடுத்துக் கையில் கொடுத்தாள். ஒன்று முக்கால்வாசி கடிபட்டது. மற்றது புதியது. "இங்கே போகும்போது ஒருதரம் குத்த வேண்டும், வரும்போது ஒருதரம் குத்த வேண்டும். முன்கூட்டிக் குத்தினால் நேரம் முடிந்து செல்லாமல் போய்விடும்." மாமாங்கம் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, அச்சடித்த நேரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார். பிழை சொல்ல முடியாத டிக்கட்.

"அந்தச் சீருடைக்காரன் ஏன் எங்களை எண்ணினான்?"

"எட்டுப் பேருக்குக் குத்தியிருக்கிறதா என்று. அது அவருடைய வேலை."

இதற்குமேல் எதைக் கேட்பது? தன்னுடைய வேலையைத் தானே சந்தேகப்பட்டுவிட்டோமே என்று மாமாங்கத்துக்கு வெட்கமாகப் போயிற்று.

ஹிம்லிங்கொய்யே என்ற அந்தக் கிராமத்துக்கு இருவரும் நடந்தே போனார்கள். அங்கே தூணும் இல்லை, மண்டபமும் இல்லை. புல் மூடிய மண் மேடுகள் சில. மற்ற ஆறு பேரும் அதன் மேல் இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். 'இதுக்கா ரோமர்?' என்று மாமாங்கத்தின் சந்தேகம் மறுபடி தலை தூக்கியது. ரோமர் இங்கே வரவில்லை என்று அடித்துச் சொன்னார். கிர்ஸ்டன் மறுக்கவில்லை. "சரிதான். ஆட்கள் வரவில்லை. அவர்களுடைய சாமான்கள் வந்தன. வெண்கலப் பாத்திரம், கண்ணாடி, வெள்ளிக் கோப்பை. இங்கே இருந்த பெரிய குடும்பத்தவர்களை அவற்றோடு புதைத்திருக்கிறார்கள்." பிறகு ஒன்று சொன்னாள். அந்தக் காலத்துப் புதைகுழிகள் சிலவற்றில் இறந்தவரின் வாய்க்குள் ஒரு சின்னத் துண்டு பொன்னோ கண்ணாடியோ இருந்ததாம். மறுகரைக்கு ஏற்றிச் செல்லும் படகுக்காரனுக்குக் கூலி. அதுவும் ரோமர் பக்கத்திலிருந்து வந்த பழக்கமாம்.

மாமாங்கம் சாப்பிடுவதை நிறுத்தினார்.

பத்தொன்பது வருடத்தில் எத்தனை பெண்களைப் பார்த்திருப்பார்! இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, மற்றக் கையில் பெட்டி. டிக்கட்டை எங்கே வைப்பாள்? உதட்டுக்கு நடுவில் கவ்விப் பிடித்திருப்பாள். அவர்தான் மெல்ல இழுத்து எடுத்து, குத்தி, திரும்பவும் உதட்டில் வைத்துவிடுவார். மனோரஞ்சிதத்தை அவர் முதன்முதல் கண்டதும் அப்படித்தான், வாழைச்சேனையில், வாயில் ஒரு டிக்கட்டோடு. போகிற வழிக்கான டிக்கட்டை வாயில் வைத்துக்கொண்டு புதைகுழிக்குப் போன ஆளைப் பற்றி ஒருத்தி பொய்யாக இட்டுக்கட்டிச் சொல்ல முடியாது. ரயிலில் வேலை செய்யாத ஒருத்திக்கு அந்த யோசனையே வராது. மற்றவர்கள் எதை எதையோ வைத்து மனிதரை நம்புவார்கள்; மாமாங்கம் ஒரு டிக்கட்டை வைத்துத்தான் கிர்ஸ்டனை நம்பினார்.

அந்த மேட்டிலேயே பேனையை வாங்கி விலாசத்தை எழுதிக் கொடுத்தார். வீட்டு இலக்கம், குறுக்கு ஒழுங்கை, பக்கத்து வீட்டு அடையாளம் எல்லாம் எழுதினார். எழுதி முடித்ததும், தந்ததற்குப் பற்றுச்சீட்டாக அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளத் தவறவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் கிர்ஸ்டன் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. விண்ணப்பம் உண்மையா என்று பார்க்க, டென்மார்க் அரசுக்காகக் கொழும்பிலிருந்து ஆட்கள் அந்த விலாசத்துக்குப் போய் விசாரித்திருக்கிறார்கள். அங்கே ஒரு பெண்ணும் சிறுமியும் இருந்தார்களாம். மாமாங்கம் என்ற ஆளைத் தெரியவே தெரியாது என்று இருவரும் சொன்னார்களாம். சிறுமி ஒரு படி மேலே போய், தன் தகப்பன் செத்துப்போய்விட்டார் என்று அழுது காட்டினாளாம்.

"உங்களுக்கு உண்மையிலேயே மனைவி இருக்கிறாளா?" என்று கேட்டாள் கிர்ஸ்டன். மெதுவாகத்தான் கேட்டாள். "அவளுடைய கடிதங்கள் இருந்தால் காட்டுங்கள்."

மாமாங்கம் கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பதினொரு கடிதம். எல்லாம் 'அன்புள்ள சரோஜினிதேவிக்கு' என்று தொடங்கின.

"யார் இந்தச் சரோஜினிதேவி?"

"நான்தான்," என்றார் மாமாங்கம்.

அவள் பார்த்த பார்வை அவருக்குப் புதியதல்ல. அந்தப் பார்வையைத்தான் அவர் கழிவறைக் கதவுகளுக்கு வெளியே நின்று பத்தொன்பது வருடம் பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் நின்றால் அது இப்படித்தான் சுடும் என்று அவருக்கு அன்றுவரை தெரியாது. டிக்கட்டை வாங்கிவிட்டுத் தொலைத்தவனும் வாங்காமலே ஏறியவனும் ஒரே முகத்தோடுதான் நிற்பார்கள். இரண்டு பேருக்கும் அவர் ஒரே தண்டம்தான் எழுதினார்.

அடுத்த கிழமை பன்னிரண்டாவது கடிதம் வந்தது. மனோரஞ்சிதம் எழுதியிருந்தாள்: 'அன்புள்ள சரோஜினிதேவிக்கு, போன மாதம் ஜீப்பில் இரண்டு பேர் வந்து உனக்குத் தெரிந்த அந்த ஆளைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்கள். வெள்ளைக்காரர் அனுப்பியதாகக்கூடப் பொய் சொன்னார்கள். நீ சொல்லித் தந்தபடியே சொல்லி அனுப்பிவிட்டேன். ஒன்றுக்கும் பயப்படாதே.'

படித்துவிட்டு மாமாங்கம் சிரித்தார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. சிறீஸ்கந்தராசா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இனி உங்கட பேரிலை எழுதுங்கோ அண்ணை. அவங்கள் திரும்ப வந்தால் ஓம் எண்டு சொல்லச் சொல்லி."

"என்ர பேரில கடுதாசி வந்தா நம்பாத எண்டு சொல்லிப்போட்டுத்தானே வந்தன். அவள் நான் சொன்னதைத் தட்டமாட்டாள்."

அந்தக் கவலையில் இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எந்தச் சொல்லை எழுதினாலும் அது கத்தி முனையில் எழுதியதாக இருக்கலாம் என்று அவளுக்குப் படிப்பித்தவர் அவரேதான். சரோஜினிதேவி பேரில் எழுதினாலும், அந்தப் பேரையும் அடித்துக் கேட்டு வாங்கியிருப்பார்கள் என்று நினைப்பாள். மூன்றாம் நாள் சட்டைப் பையைத் தடவும்போது கையில் குறடு தட்டுப்பட்டது.

கடிதத்தைச் சொந்தப் பெயரில், நாலே வரியில் எழுதினார். 'அவர்கள் திரும்ப வருவார்கள். ஓம் என்று சொல்லு.' கீழே கையெழுத்துப் போடவில்லை. குறட்டை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். மொட்டைப் பிறை விழுந்தது. கிர்ஸ்டனிடம் போய், "இன்னும் ஒரு தடவை ஆள் அனுப்புங்கள். ஒரே ஒரு தடவை," என்று கேட்டார். அவள் பழைய விண்ணப்பத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு புதிய தாளை எடுத்தாள்.

எண்பத்தாறு ஆவணியில் மனோரஞ்சிதமும் தங்கராணியும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் அவள் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஆள் மெலிந்து, மீசையும் இல்லாமல் இருந்தார். கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தையும், எண்பத்துநாலாம் ஆண்டுக் கலண்டர் தாள் ஒன்றையும் எடுத்து அவருக்கு முன்னால் பிடித்தாள்.

"துளையில துளைய வச்சு நாலு நாள் பாத்தன்," என்றாள். "மொட்டை நுனி சரியா வந்திச்சு. மறுகாத்தான் ஓம் எண்டு சொன்னன். இல்லாட்டி ஆறு ஜீப் வந்தாலும் சொல்லியிருக்க மாட்டன்."

"எனக்குத் தெரியும்," என்றார் மாமாங்கம். விரலால் அந்தத் துளையைத் தடவிப் பார்த்தார். தங்கராணி வந்து அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் பெரிய ஸ்டேஷனுக்கு வந்து, மஞ்சள் பெட்டியில் அட்டையை மூன்று தரம் குத்தினார். மனோரஞ்சிதம் கையை நீட்டி அட்டையை வாங்கினாள். பரிசோதகர் பெண்சாதி அல்லவா! வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தாள்.

"கோச்சியில போறதுக்கு மட்டும்தானே குத்திக் கிடக்கு," என்றாள். "திரும்பி வாறதுக்கு?"

போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் என்று கிர்ஸ்டன் சொன்ன பதில் அவரிடம் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவளுடைய கண்ணைப் பார்த்ததும், அவள் கேட்பது இந்த ரயிலுக்கான டிக்கட்டை மட்டும் அல்ல என்று தெரிந்தது.

"இப்போதைக்கு இல்ல, புள்ள," என்றார்.

அட்டையைக் கைப்பைக்குள், அந்தக் கலண்டர் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினாள்.